மெசுவேஜ் முறைத்துப் பார்த்தது

வழக்கொழிந்த ஆங்கிலச் சொற்கள் செத்துப்போய்விடுகின்றன என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். இது மிகவும் அபாயகரமான தவறு. இன்றைக்கே திருத்தப்பட வேண்டியது. அவை சாவதில்லை. சொந்த ஊரில் மதிப்புக் குறைந்ததும் கப்பலேறிப் பாளையங்கோட்டைக்கு வந்து, வக்கீல் அலுவலகங்களில் வேலைக்குச் சேர்ந்துவிடுகின்றன. அங்கே ஓய்வு வயது கிடையாது.

அப்படி ஒரு காலத்தில் வந்து சேர்ந்த சொல் மெசுவேஜ். வக்கீல் ஞானதிரவியத்தின் அலுவலகத்தில், மாதிரிப் பத்திரத்தின் இரண்டாம் பக்கத்தில் அதற்கு இடம். மாதிரிப் பத்திரம் என்பது வக்கீலின் தாத்தா யாரோ ஒரு வெள்ளைக்காரரைப் பார்த்து எழுதி வைத்தது. யார் வந்து எந்தச் சொத்தை எழுதினாலும் பெயர், ஊர், நான்கு எல்லை மட்டும் மாறும். மற்றதெல்லாம் அப்படியே இறங்கும்.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. அர்த்தம் தெரிந்த சொல்லைத் தயங்காமல் கோடு போட்டு அடித்துவிடுவார்கள். தெரியாத சொல்லின்மேல் பேனா வைக்க யாருக்கும் துணிச்சல் வராது. எடுத்துவிட்டு, பத்திரம் செல்லாமல் போய்விட்டால் யார் பதில் சொல்வது? இப்படியே மூன்று தலைமுறையில் புரிகிற சொற்கள் பெரும்பாலும் கழிந்துபோய், மாதிரிப் பத்திரம் மிகுந்த மரியாதைக்கு உரியதாகிவிட்டது.

மெசுவேஜுக்கு அடுத்து அஃபோர்செட் நின்றது. ‘மேலே சொன்ன’ என்பதற்கு மேல் அதற்கு அர்த்தம் கிடையாது. ஆனால் பக்கத்துக்கு ஒன்பது முறை வந்துபோகும். ஆகவே தன்னை ஊர்ப் பிரமுகராகவே எண்ணிக்கொண்டிருந்தது. முதல் பக்கத்தில், முழுக்கப் பெரிய எழுத்தில், விட்னெசெத். ‘இந்தப் பத்திரம் தெரிவிப்பது என்னவென்றால்’ என்று முழங்கிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். என்ன தெரிவிக்கிறது என்று அதற்கும் தெரியாது.

எண்பது வருடம் ஒரே ஊரில் இருந்ததால் எல்லாவற்றுக்கும் ஊர்ப் பேச்சு வந்திருந்தது.

“எனக்கு ஒரு வருத்தம் அண்ணாச்சி,” என்றது மெசுவேஜ். “இத்தனை வருசமா நிக்கேன். ஒருத்தராவது என்னை நின்னு வாசிச்சது கிடையாது.”

“வாசிச்சா வேலை போயிரும்வே,” என்றது அஃபோர்செட். “முன்னாடி உமக்குப் பக்கத்துல ஹவுஸ்னு ஒருத்தன் இருந்தான். எல்லாருக்கும் அவனைப் புரிஞ்சுது. இப்ப எங்க இருக்கான்?”

“எனக்கும் அர்த்தம் இருக்குல்லா.”

“இருந்துட்டுப் போட்டும். வெளிய சொல்லாதேயும்.”

முதல் பக்கத்திலிருந்து விட்னெசெத் கனைத்தது. “அர்த்தம்னு ஒண்ணு வேணும்னா நான் இந்த உசரத்துக்கு வந்திருப்பனா?”

அந்த நேரத்தில்தான் தங்கபுஷ்பம் அம்மாளின் காரியம் வந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தெட்டு வருடம் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தன் வீட்டைத் தம்பி மகன் செல்வினுக்கு எழுதிவைக்க நினைத்தார். தோஹாவில் வேலை பார்க்கும் செல்வின், பத்திரம் ஆங்கிலத்தில் இருந்தால் நல்லது அத்தை என்று கேட்டிருந்தான்.

வீட்டுக்குப் பின்னால், சற்றுத் தள்ளி, பின்கட்டு என்று ஓர் அறை, ஓர் அடுப்படி, ஒரு கிணறு. கடைசிவரை அங்கே இருந்துகொள்வது தங்கபுஷ்பத்தின் எண்ணம். வீட்டைத்தான் கொடுக்கிறார், பின்கட்டை இல்லை. வக்கீலிடம் அதைச் சொல்லியும் இருந்தார். வக்கீல் தலையாட்டினார். தலையாட்டியதை எழுத மாதிரியில் இடமில்லை.

நகல் தயாரானது. செல்வின் வாசித்துவிட்டு அன்றே சம்மதம் சொல்லிவிட்டான்; டிசம்பரில் லீவு உண்டு, கையெழுத்துப் போட வந்துவிடுகிறேன் என்றான்.

தங்கபுஷ்பம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வரிக்கு வரி நகர்த்தி வாசிக்க ஆரம்பித்தார். இரண்டாம் பக்கத்துக்கு விரல் வந்தபோது மெசுவேஜுக்கு வியர்த்தது.

“அண்ணாச்சி, நான் இங்க நின்னா இந்த அம்மாவோட பின்கட்டு போயிரும்.”

“அது அவங்க பாடு. நீரு நேரா நில்லும்.”

“சார், இது என்ன வார்த்தை?” என்றார் தங்கபுஷ்பம்.

“எதும்மா? அதுவா?” வக்கீல் எட்டிப் பார்த்தார். “அது சும்மா, ஒரு கெத்துக்குப் போடுறது.”

மெசுவேஜ் அச்சத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டிருக்கும். இதைப் பொறுக்கவில்லை. தங்கபுஷ்பத்தை ஒரு முறை முறைத்துப் பார்த்தது. அவர் விரல் அங்கேயே நின்றுவிட்டது. லைனில் யார் என்று கேட்காமல் இணைப்புக் கொடுத்துப் பழகாதவர்.

“கெத்து எனக்கு வேண்டாம் சார். அர்த்தம் சொல்லுங்க.”

வக்கீல் டைப்பிஸ்ட் பிரமுவைப் பார்த்தார். பிரமு, மானிட்டருக்கு முட்டுக் கொடுத்திருந்த அகராதியை உருவினாள். மானிட்டர் குனிந்துகொண்டது.

“வீடு,” என்று வாசித்தாள் பிரமு.

“பார்த்தீங்களா? வீடுதான்,” என்றார் வக்கீல்.

“இன்னும் இருக்கு சார். வீடு, அதோட சேர்ந்த புறக்கட்டடம், முற்றம், சுத்தி இருக்க நெலம், எல்லாம் சேத்து.”

தங்கபுஷ்பம் வக்கீலை நிமிர்ந்து பார்த்தார்.

“அப்போ நான் எங்க சார் இருப்பேன்?”

“செல்வின் தம்பி அப்படில்லாம் செய்யமாட்டாரும்மா.”

“செய்யமாட்டான். அவன் செய்ய முடியாதபடி எழுதுங்கன்னுதான் கேக்கேன்.”

“இந்த வார்த்தையை எடுத்தா பத்திரம் நிக்குமான்னு தெரியலையே.”

“இது நின்னா நான் தெருவுல நிக்கணும்லா?”

வக்கீல் பேனாவைத் திறந்தார்.

“நான் அப்பவே சொன்னேன்வே,” என்றது அஃபோர்செட். அனுதாபமாகச் சொல்லத்தான் பார்த்தது.

“வாசிச்சுட்டாங்க அண்ணாச்சி,” என்றது மெசுவேஜ். “முழுசா வாசிச்சுட்டாங்க.”

சிவப்பு மை அதன் குறுக்கே போயிற்று.

அந்த இடத்தில் வக்கீல், முன்வீடு மட்டும், பின்கட்டும் கிணறும் பாதையும் நீங்கலாக என்று சின்னச் சின்ன ஆங்கிலச் சொற்களில் எழுதினார். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரியும். எழுதும்போது அவருக்குக் கை கூசியது. தங்கபுஷ்பம் அந்த வரியை இரண்டு தடவை சத்தமாக வாசித்துவிட்டு, பிரமுவிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

திருத்திய நகல் அன்றைக்கே தோஹாவுக்குப் போனது. கையெழுத்துப் போட டிசம்பரில் வருவதாக இருந்த செல்வினுக்கு லீவு கிடைக்கவில்லையாம்.