பருத்திமாருக்கு விலை

“முந்தாநாள் மாரைச் சும்மா எடுத்துட்டுப் போன்னான் பருத்திக்காட்டுக்காரன், டீச்சர். இன்னைக்கு டன்னுக்கு எழுநூறு கேக்கிறான்!”

கருத்தபாண்டி போட்ட சத்தத்தில் டீக்கடையே திரும்பிப் பார்த்தது. மூடிக்கிடக்கும் நூல் மில்லில், பஞ்செடுத்த பிறகு காட்டில் காய்ந்து நிற்கும் செடியை, அதாவது பருத்திமாரை, எரித்துக் கரண்ட் எடுக்கலாம் என்று சொன்னதே அவர்தான். அறுபத்திரண்டு தொழிலாளிகள் தங்கள் செட்டில்மெண்ட் பணத்தை அவரை நம்பிக் கொடுத்திருந்தார்கள். நாளைக்கு பாய்லருக்கு அட்வான்ஸ் கட்ட வேண்டும்.

டீச்சர் என்றால் அருள்செல்வி. கருத்தபாண்டியைவிடப் பதினேழு வயது சின்னவள். இதே மாதிரி ஒரு மின்நிலையத்தில் விறகு வாங்கும் வேலை பார்த்தவள். அதை மூடிவிட்டார்கள். அந்த அனுபவத்துக்காகத்தான் அவளிடம் வந்து கற்றுக்கொண்டிருந்தார்.

“எதுக்குன்னு சொன்னீங்களாண்ணே?”

“சொன்னேன். மறைக்கிறதுக்கு நான் என்ன திருடனா?”

டீ மாஸ்டர் வடிகட்டியைத் தட்டி, சக்கையை வாளியில் கொட்டினார். அருள்செல்வி அவர் பக்கம் திரும்பினாள்.

“மாஸ்டர், இதை என்ன செய்வீங்க?”

“சாக்கடையில கொட்டுவேன். ஏன்?”

“தினமும் எனக்கு வேணும். பத்து வருஷத்துக்கு.”

மாஸ்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். வாளியைக் காலால் உள்ளே தள்ளினார்.

“என்ன தருவீங்க?”

கருத்தபாண்டிக்குச் சிரிப்பு வரவில்லை.

“திட்ட ரிப்போர்ட்ல மாருக்குப் பத்து வருஷமும் ஒரே விலைதான் போட்டிருக்கு.”

“போட்டது யாரு?”

“பாய்லர் கம்பெனி.”

“மார் அவங்க தருவாங்களா?”

“அவங்க ஏன் தரணும்? அவங்க விக்கிறது பாய்லரு.”

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. ஆனால் சந்தேகம் வேறு பக்கம் ஓடியது. மில் இடத்தை பிளாட் போடத் துடிக்கும் புரோக்கரின் ஸ்கூட்டர், போன வாரம் இவள் வீட்டு வாசலில் நின்றது.

“அந்த புரோக்கர் உன்கிட்ட என்ன பேசினான்?” மரியாதை போய்விட்டது.

“மில்லு ஓடாதுன்னு உங்ககிட்டச் சொல்லச் சொன்னான்.”

“நீ என்ன சொன்ன?”

“ஓடுமா ஓடாதா எனக்கே தெரியாதுன்னேன். இப்பவும் தெரியாது. என்னை நம்ப வேண்டாம்ணே. அந்தக் கம்பெனியையும் நம்ப வேண்டாம். சாயங்காலம் எல்லாரையும் கூப்பிட்டு, காட்டுக்காரன் முந்தாநாள் என்ன சொன்னான், இன்னைக்கு என்ன கேக்கிறான், ரெண்டையும் சொல்லுங்க. போதும். பணம் அவங்களோடது.”

சாயங்காலம் மில் கேட்டில் அறுபத்திரண்டு பேரும் வந்து நின்றார்கள்.

“மார் தட்டுப்பாடில்லாமக் கிடைக்குமாண்ணே?” என்று ஒருவன் கேட்டான்.

“ஊர் பூராக் கிடக்கு,” என்றார் கருத்தபாண்டி.

விலையைச் சொல்லவில்லை.