‘ஒரு நிமிஷம்’ குழு

வைகுண்டமணி அண்ணாச்சி காலையில் கடை ஷட்டரைத் தூக்கிவிட்டுக் கைபேசியைத் திறந்தபோது, அந்தக் குழு அங்கே இல்லை.

முந்தின நாள் மாலைவரை இருந்தது. அதில் வந்த குரல் பதிவுகளைக் கேட்டுவிட்டுத்தான் கடையையே பூட்டினார். இப்போது வெறும் வெள்ளைத் திரை. நடுவில் ஒரே ஒரு வரி:

‘எங்களைக் கொண்டுபோய்ச் சந்தையில் நிறுத்தியது யார்?’

நிறுத்தியது அவர்தான்.

உடன்குடியில் பெயிண்டும் ஆணியும் விற்கிறவர் அண்ணாச்சி. சுற்றுவட்டாரத்தில் எங்கே கபடி நடந்தாலும் மைக் அவர் கையில்தான். அறுபதை நெருங்கும் வயதில் அவருக்குப் புதிதாக ஒரு பித்துப் பிடித்திருந்தது. ஒரே முதலாளியின் கையில் இல்லாத சமூக வலைத்தளங்கள். ஆங்காங்கே ஆட்கள் சொந்தமாக சர்வர் வைத்து நடத்துவார்கள். ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொரு சர்வரில் இருப்பவரோடு தாராளமாகப் பேசலாம். சங்கடம் ஒன்றுதான். புதிதாக ஒரு குழு தொடங்கினால் பக்கத்து சர்வருக்கே தெரியாது. முகவரியோடு யாராவது தேடிப் போனால்தான் கண்ணில் படும்.

அப்படித் தேடுவது எப்படி என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஜோவிதா. நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவர். அண்ணாச்சிக்கு மகள் வயது இருக்கும். ஆனாலும் ‘டீச்சர்’ என்றுதான் எழுதுவார். நேரில் பார்த்ததில்லை. போன் செய்தால் டீச்சர் எடுக்கமாட்டார். எதைக் கேட்டாலும் எழுத்தில்தான் பதில் வரும். அதுவும் ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு. விஷயம் தெரிந்தவர்கள் அளந்துதான் பேசுவார்கள் என்று அண்ணாச்சிக்கு அதிலும் ஒரு மரியாதை.

கற்றுக்கொண்டவர் சும்மா இருக்கவில்லை. ‘புதுவரவு’ என்று ஒரு பக்கம் தொடங்கினார். எங்கேயோ மூலையில் முளைத்த குழுக்களைத் தேடிப் பிடித்து, மைக்கில் பேசுகிற அதே மிடுக்கோடு ஊருக்கெல்லாம் அறிவித்தார். மாடித் தோட்டக்காரர்கள், பழைய ரேடியோ பழுது பார்ப்பவர்கள், பூனை வளர்ப்பவர்கள் என்று எத்தனையோ குழுக்களுக்கு அவரால் கூட்டம் சேர்ந்தது. அவர்களெல்லாம் அவரைக் கொண்டாடினார்கள்.

அப்படித்தான் ‘ஒரு நிமிஷம்’ கிடைத்தது. பேசும்போது திக்குகிறவர்களின் குழு. விரல் விட்டு எண்ணிவிடலாம், அத்தனை பேர்தான். வெளியில் சொல்லப் பயந்த வார்த்தைகளை அங்கே குரலில் பதிந்து போடுவார்கள். ஒருவர் பஸ்ஸில் டிக்கெட் கேட்டிருந்தார். ஒருவர் தன் மேலதிகாரிக்கு வணக்கம் சொல்லியிருந்தார். பெயர் சொல்லாத ஒரு பெண், போனில் கேஸ் சிலிண்டர் பதிவு செய்ததைப் போட்டிருந்தார். ‘சிலிண்டர்’ என்ற சொல் வருவதற்குள் எதிர்முனை இரண்டு தடவை துண்டித்தது. மூன்றாவது தடவை அவர் சொல்லி முடித்ததும் அண்ணாச்சி கடையில் தனியாக நின்று கைதட்டினார்.

அன்றைக்கே அறிவித்தார். ‘கண் கலங்க வைக்கும் குரல்கள்! எல்லோரும் வாருங்கள்!’

வந்தார்கள். சில நாளிலேயே ஆயிரக்கணக்கில் வந்தார்கள். அவர்களில் சில பேர் அந்தப் பதிவுகளை வெட்டி எடுத்தார்கள். சிலிண்டர் கேட்ட பெண் திக்கும்போதெல்லாம் சிலிண்டர் வெடிக்கிற சத்தத்தைச் சேர்த்து ஒரு வீடியோ ஊரெல்லாம் ஓடியது. மேலதிகாரிக்கு வணக்கம் சொன்னவரின் குரல் அவர் அலுவலகத்து வாட்ஸ்அப் குழுவுக்கே போய்ச் சேர்ந்தது. இதெல்லாம் அண்ணாச்சிக்கு இன்று காலையில்தான், ஒவ்வொன்றாக, தெரியவந்தது.

அவர் ஷட்டரை இறக்கினார். நாகர்கோவில் பஸ் ஏறினார்.

ஜோவிதா கணினி அறையில் தனியாக இருந்தார். ஒடிசலான பெண். இவரைக் கண்டதும் எழுந்து நாற்காலியைக் காட்டினார். அண்ணாச்சி உட்காரவில்லை.

“டீச்சர், நான் உடன்குடி வைகுண்டமணி. அந்தக் குழுவை மூடிட்டாங்க. நான் நல்லது நெனச்சுத்தானே செஞ்சேன்? எங்க தப்பு பண்ணினேன்? நீங்களே சொல்லுங்க.”

ஜோவிதா வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. தாடை இறுகியது. கண்கள் பாதி மூடின. கழுத்து நரம்பு புடைத்தது.

அண்ணாச்சி பதறிப்போனார். நெஞ்சுவலியோ என்று தண்ணீர் எடுக்க ஓடப் பார்த்தார். ஜோவிதா கையை நீட்டி அவரை நிறுத்தினார்.

“அ... அ... அண்ணாச்சி. உக்காருங்க.”

அந்தக் குரலை அண்ணாச்சி முன்பே கேட்டிருந்தார். கடையில் நின்று கைதட்டியது அந்தக் குரலுக்குத்தான். இன்று காலை, வெடிச் சத்தத்துக்கு நடுவே கேட்டதும் அதே குரல்தான்.

“சிலிண்டர்...” என்றார்.

“நான்தான்.”

அண்ணாச்சி நாற்காலியில் அப்படியே சரிந்தார்.

“ஒரு வார்த்தை எனக்கு எழுதியிருக்கக் கூடாதா, டீச்சர்?”

“எழுதினேன். அன்னைக்கே.”

அண்ணாச்சி கைபேசியை எடுத்துத் தேடினார். அவருடைய அறிவிப்புக்கு வந்த பாராட்டுகள் மலைபோல் குவிந்து கிடந்தன. நகர்த்திக்கொண்டே போனார். அடியில் இருந்தது. ‘எடுத்துருங்க அண்ணாச்சி.’ அதை அவர் திறந்துகூடப் பார்த்திருக்கவில்லை.

“புதுவரவை மூடிடுறேன்,” என்றார். “இனிமே எவரைப் பத்தியும் ஒரு எழுத்து எழுத மாட்டேன்.”

ஜோவிதா இல்லை என்று தலையசைத்தார். ஒவ்வொரு வாக்கியமும் அதற்கான நேரம் எடுத்துக்கொண்டு வந்தது.

“உங்க அறிவிப்பப் பாத்து ஒரு பொண்ணும் வந்தா. ஊத்தங்கரைக்காரி. இத்தன வருஷமா, இப்படிப் பேசுறது உலகத்துல தான் ஒருத்திதான்னு நெனச்சுட்டு இருந்திருக்கா. மூடுறப்ப அவளையும் எங்களோட கூட்டிட்டுப் போயிட்டோம்.”

அண்ணாச்சியின் முகத்தில் லேசாக உயிர் வந்தது. “அப்ப இன்னொரு இடத்துல ஆரம்பிச்சுட்டீங்களா? எந்த சர்வர், டீச்சர்?”

ஜோவிதா அவரையே பார்த்தார்.

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். “மன்னிச்சுக்கோங்க.”

“அந்தப் பொண்ணு உங்களுக்கு நன்றி சொல்லணும்னு சொன்னா. குரல்ல பதிஞ்சு அனுப்பியிருக்கா. உங்களுக்கு மட்டும் போட்டுக் காட்டலாமான்னு கேட்டேன். சரின்னா.”

கணினியைத் திருப்பி வைத்தார். திரையில் அந்தப் பெண்ணின் பெயர் இருந்தது: சங்கமித்ரா. ஜோவிதா பதிவை ஓடவிட்டார்.

“வணக்கம் ஐயா,” என்றது ஒரு சின்னக் குரல். “எம் பேரு...”

நின்றது. மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டது.

“ச... ச...”

அண்ணாச்சி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

“ச... ச...”

மறுபடி மூச்சு. மறுபடி அதே எழுத்து. அந்தப் பெண் படுகிற பாடு அவருக்குத் தாங்கவில்லை. நாற்காலிக் கையை இறுகப் பிடித்தார். நெற்றி வேர்த்தது. கண்ணில் நீர் முட்டியது.

“ச... ச...”

“சங்கமித்ரா!” என்றார் அண்ணாச்சி, அறை அதிர.

ஜோவிதாவின் விரல் பதிவை நிறுத்தியது.

அண்ணாச்சி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் முகம் வெளிறிவிட்டது.

ஜோவிதா கோபப்படவில்லை. பதிவை முதலிலிருந்து ஓடும்படி வைத்துவிட்டு, மெல்ல, தன் வார்த்தைகளுக்காகக் காத்திருந்து சொன்னார்:

“அவ பேரு அண்ணாச்சி. அவளே சொல்லட்டும்.”