அழகாயிக்கு இருநூற்றுப் பன்னிரண்டு அடி பாக்கி

கீழமந்தை என்று ஓர் ஊர். மொத்தம் நாற்பத்தொரு வீடுகள். அதில் நாற்பது வீட்டுக்காரர்கள் எந்தக் காரியத்துக்கும் வெள்ளையப்பனிடம் யோசனை கேட்பார்கள். வெள்ளையப்பன் தன் மனைவி அழகாயியிடம் கேட்பார். அழகாயி யாரிடமும் கேட்பதில்லை. ஊர் எப்படி இருந்திருக்கும் என்று இதிலேயே தெரிந்துகொள்ளலாம்.

அவர்களிடம் மயிலி என்று ஓர் எருமை இருந்தது. ஒரு புரட்டாசியில் அது காணாமல் போயிற்று. ஒன்பது நாள் தேடினார்கள். பத்தாம் நாள் காலையில் இருவரும் வாசலில் நின்று, "முருகா, மயிலி கிடைச்சா தைப்பூசத்துக்கு வீட்டு வாசலிலிருந்து உன் மலையடிவாரம் வரைக்கும், ஒரு அடிகூட வண்டி ஏறாம நடந்தே வர்றோம்" என்று வேண்டிக்கொண்டார்கள். பழனி எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாததால் நான்கு திசையையும் கும்பிட்டார்கள். நான்காவது திசையைக் கும்பிடத் திரும்பியபோது வீட்டுக்குப் பின்னால் உள்ள குட்டையில் மயிலி கழுத்தளவு தண்ணீரில் படுத்திருந்தது.

ஒன்பது நாளும் அங்கேதான் கிடந்திருக்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால் தேடும்படி அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

"கொடுத்த சாமிக்கு எடுக்கவும் தெரியும்" என்றாள் அழகாயி. "ஒரு அடி குறைஞ்சாலும் மயிலி நமக்கில்ல. ஞாபகம் வச்சுக்கங்க."

தை பிறந்ததும் புறப்பட்டார்கள். எருமையைப் பார்த்துக்கொள்ள அழகாயியின் தம்பி உலகன் வீட்டில் இருந்தான். துணைக்கு வந்தவர் சாத்தையா. இரண்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவர். ஆகவே நான்காம் வகுப்பு வரை படித்தவர் என்று ஊரில் கணக்கு.

பக்கத்து ஊர்க் குருசாமி முப்பத்தொரு வருஷம் பாதயாத்திரை நடத்தியவர். கிளம்புமுன் எல்லாரையும் நிறுத்திச் சொன்னார்: "சாமிகளே, வழியில அன்னதானத்துக்குக் கூப்பிட்டா மறுக்காதீங்க. கூட்டம் ஜாஸ்தி, கூட வந்தவங்களை விட்டுப் பிரியாதீங்க. அவ்வளவுதான்."

"பிரியக்கூடாதாம்" என்று அழகாயி தன் முந்தானையைக் கணவரின் வேட்டி நுனியோடு முடிச்சுப் போட்டாள். இருவருக்கும் ஐம்பது வயதுக்கு மேல். முதல் ஊரிலேயே ஒரு பாட்டி ஓடிவந்து, "புது மாப்பிள்ளை பொண்ணா? நல்லா இருங்க" என்று இரண்டு பேர் தலையிலும் அரிசி போட்டாள்.

முதல் நாள் காலை ஆறு மணிக்கும் பத்து மணிக்கும் நடுவே ஐந்து பந்தலில் இட்லி, மூன்று பந்தலில் பொங்கல், இரண்டில் உப்புமா, ஒன்றில் தயிர்சாதம் சாப்பிட்டார்கள். பதினொன்று. நடந்தது இரண்டே மைல். பன்னிரண்டாவது பந்தல் கண்ணில் பட்டதும் வெள்ளையப்பன் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்.

"மாப்ளே, மறுத்தா சாமி குத்தம்" என்றார் சாத்தையா. "மறுக்காம இருந்தா வயித்துக் குத்தம். ஆனா, கூப்பிட்டது நம்ம காதுல விழலைன்னா?"

"விழலைன்னா மறுத்ததா ஆகாது" என்றார் வெள்ளையப்பன்.

மூவரும் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டார்கள். ஆனால் பந்தல்காரர் கையை ஆட்டிக் கூப்பிட்டார். அது கண்ணில் விழுந்துவிட்டது. ஆகவே கண்ணையும் மூடிக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்து, வரிசையாக நடந்து நேரே பந்தலுக்குள் போய் இலைமேல் நின்றார்கள்.

"இத்தனை வருஷத்துல இவ்வளவு ஆசையா வந்து யாரும் சாப்பிட்டதில்லே" என்று பந்தல்காரர் கண் கலங்கி இரட்டிப்பாகப் பரிமாறினார்.

மூன்றாம் நாள் செருப்பைப் பற்றி ஒரு சந்தேகம் வந்தது. அதை எழுப்பியவர் வெள்ளையப்பன்.

"வண்டின்னா என்ன? நம்மளைச் சுமந்துக்கிட்டுப் போறது எதுவோ அது வண்டி. இந்தச் செருப்பு என்ன பண்ணுது?"

சாத்தையா நெடுநேரம் குனிந்து தன் செருப்பையே பார்த்தார். "சுமக்குது."

"எங்கே கொண்டுபோகுது?"

"பழனிக்கு."

"அப்ப மூணு நாளா நாம வண்டியிலயா வந்தோம்?" என்று அழகாயி நெஞ்சில் கை வைத்தாள்.

"சக்கரம் இல்லாததால பாதி வண்டிதான், தங்கச்சி. சாமி மன்னிச்சுரும்" என்று சாத்தையா தேற்றினார். மூன்று ஜோடிச் செருப்பும் வேலியோரத்தில் வைக்கப்பட்டன. விழுந்து கும்பிட்டுவிட்டுப் புறப்பட்டார்கள்.

ஐந்தாம் நாள் ஒரு மண்பாதையில் அழகாயியின் குதிகாலில் கருவேல முள் ஏறியது. சாத்தையா இழுத்துப் பார்த்தார். முள்ளின் வெளித்துண்டு மட்டும் கையோடு வந்தது. தூரத்தில் வைத்தியக் கூடாரம் ஒன்று தெரிந்தது. வெள்ளையப்பன் மனைவியை முதுகில் ஏற்றிக்கொண்டு நடந்தார். சும்மா வரப் பிடிக்காத சாத்தையா அடிகளை எண்ணிக்கொண்டே வந்தார். கூடாரத்து வாசலில் இருநூற்றுப் பன்னிரண்டு.

நர்ஸ் முள்ளை எடுத்து மருந்து போட்டார். அழகாயி காலை ஊன்றிப் பார்த்தாள். வலி இல்லை. சிரித்தாள். அந்த நிமிஷத்தில் உலகனிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, மயிலி முளைக்குச்சியைப் பிடுங்கிக்கிட்டு ஓடிருச்சு!"

அழகாயி போனை வைத்துவிட்டுக் கணவரிடம் திரும்பினாள்.

"ஏங்க, வாசலிலிருந்து இதுவரைக்கும் நாம ஏதாவது வண்டியில ஏறினோமா?"

வெள்ளையப்பன் தலையைக் குனிந்துகொண்டார். "நீ ஏறினே."

"எதுல?"

"என் மேல."

சுமந்துகொண்டு போவது எதுவோ அது வண்டி என்று தீர்ப்புச் சொன்னதே வெள்ளையப்பன்தான். அழகாயி இருநூற்றுப் பன்னிரண்டு அடி புருஷ வண்டியில் போயிருக்கிறாள். அதை ஈடுகட்டினால் ஒழிய மயிலி திரும்பாது.

"கவலைப்படாதே தங்கச்சி. கூட இருநூத்திப் பன்னிரண்டு அடி நட, சரியாப் போச்சு" என்றார் சாத்தையா.

தைப்பூசத்தன்று பிற்பகல் மூன்று மணிக்குப் பழனி எல்லையைத் தொட்டார்கள். சாலையோரம் மரங்கள் இருந்த இடத்தில் அழகாயி முன்னும் பின்னுமாகக் கூடுதலாக இருநூற்றுப் பன்னிரண்டு அடி நடந்தாள். முந்தானை முடிச்சில் இருந்த வெள்ளையப்பனும் கூடவே நடந்தார். இருவரும் பிரியக்கூடாதே.

சாத்தையா விரலை மடக்கிப் பார்த்தார். "மாப்ளே, நீயும் நடந்துட்டியே! இப்பவும் தங்கச்சி உன்னைவிட இருநூத்திப் பன்னிரண்டு கம்மி."

இன்னொரு தடவை நடந்தார்கள். அப்போதும் இருநூற்றுப் பன்னிரண்டு கம்மி. வேகமாக நடந்து பார்த்தார்கள். நான்காம் தடவை வெள்ளையப்பன் வேண்டுமென்றே நொண்டி நடந்தார். அப்படியும் பாக்கியில் ஓர் அடிகூடக் குறையவில்லை.

"மயிலி வந்துச்சா?" என்று அழகாயி போனில் கேட்டாள்.

"எங்கேயும் காணோம் அக்கா!"

அவளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. பின்னால் கூட்டத்தோடு வந்த குருசாமி விஷயத்தை இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் அவருக்கு விளங்கவில்லை. ஏழு நாள் நடந்த கால் வலி வேறு.

"அட, அப்படின்னா அவரைத் தூக்கிக்கிட்டு நடம்மா!" என்று எரிந்து விழுந்தார்.

சாத்தையா அவர் காலில் விழுந்தார். "குருசாமின்னா குருசாமிதான்! நாலாம் கிளாஸ் படிச்ச எனக்கு இது தோணலையே!"

புல்லுக்கட்டு சுமந்து பழகியவள் அழகாயி. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தாள். வெள்ளையப்பன் கூச்சத்தோடு ஏறிக்கொண்டார். எழுபத்தெட்டு கிலோ.

"ஒன்னு... ரெண்டு..." என்று சாத்தையா ஆரம்பித்தார்.

நாற்பதாவது அடியில் அழகாயி, "மூச்சை உள்ளே இழுக்காதீங்க, பாரம் கூடுது" என்றாள்.

"அப்ப வெளியே மட்டும் விடுறேன்" என்றார் வெள்ளையப்பன். ஐம்பத்திரண்டாவது அடி வரை அப்படியே விட்டுக்கொண்டு வந்தார். பிறகு இருமல் வந்துவிட்டது.

நூறாவது அடியில் ஒருவர் ஒரு பெரிய செம்பை நீட்டினார். "சாமி, பானகம் குடிச்சுட்டுப் போங்க."

"வேணாம்னு சொல்லுங்க!" என்றாள் அழகாயி கீழிருந்து.

"மறுக்கக்கூடாது புள்ள" என்று வெள்ளையப்பன் மேலிருந்தபடியே முழுச் செம்பையும் குடித்தார். மூன்று கிலோ கூடிற்று என்று அவள் பிறகு எல்லாரிடமும் சொன்னாள். உண்மையில் ஒரு கிலோவுக்குள்தான் இருக்கும்.

கூட்டம் வழிவிட்டது. தோளில் காவடியோடு போனவர்கள் நின்று பார்த்தார்கள். ஒரு பெண்மணி அழகாயியின் காலில் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டாள். "இது என்ன காவடி சாமி?" என்று ஒருவர் குருசாமியைக் கேட்டார். சொன்னது தான்தான் என்பதை ஒப்புக்கொள்ள அவருக்கு மனமில்லை. "புருஷக் காவடி" என்று சொல்லிவிட்டு வேகமாக முன்னால் போய்விட்டார்.

"இருநூத்திப் பதினொன்னு... இருநூத்திப் பன்னிரண்டு!"

வெள்ளையப்பன் இறக்கப்பட்டார். போன் அடித்தது.

"அக்கா, மயிலி தானா வந்து தொழுவத்துல படுத்துருச்சு! உடம்பெல்லாம் சேறு."

இருவரும் நடந்து அடிவாரம் சேர்ந்தார்கள், படியேறினார்கள், முருகனைப் பார்த்தார்கள். அந்தச் சித்திரையில் மயிலி ஒரு கிடாரிக் கன்றும் ஈன்றது. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? மற்ற நாற்பது வீட்டுக்காரர்களும் அடுத்த தைக்குப் புருஷக் காவடி எடுப்பதென்று முடிவு செய்தார்கள்.

எதையும் முறைப்படி செய்கிற ஊர் அது. மனைவி கணவனைச் சுமக்க வேண்டுமென்றால் முதலில் கணவன் மனைவியைச் சுமந்திருக்க வேண்டும். அதற்கு அவள் காலில் முள் குத்தியிருக்க வேண்டும். ஆனால் இதற்குள் அந்த மண்பாதைக்குத் தார் போட்டுவிட்டார்கள். ஒரு முள்கூடக் கிடையாது.

ஆகவே இப்போதெல்லாம் ஊரிலிருந்தே வீட்டுக்கு ஒரு முள் என்று நாற்பது முள்ளைப் பொட்டலம் கட்டி எடுத்துப் போகிறார்கள். அந்த இடம் வந்ததும் பெண்கள் வரிசையாகக் காலை நீட்டி உட்காருகிறார்கள். குத்துவது சாத்தையா. கை லேசு என்று அவருக்கு நல்ல பெயர்.