பனி இழைப்பவரின் பரீட்சை

சிவகடாட்சம் பதினொரு வருடமாகப் பனியின் மேல் வேலை செய்தார். ஒரு நாளும் அதன் மேல் சறுக்கியதில்லை.

டொரொன்டோவின் கிழக்குப் பக்கத்தில் கூரைபோட்ட பனித்தளம் அது. ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் சறுக்குச் சப்பாத்துகளின் இரும்பு அலகு போட்ட கீறல்களை அவருடைய மெசின் சுரண்டி எடுத்து, சுடுதண்ணீர் விட்டு, தளத்தைக் கண்ணாடியாக்கிவிட்டுப் போகும். அவருக்கு ஐம்பத்தாறு வயது. அவரைப்போல அந்த மெசினை ஓட்ட வேறு ஆள் இல்லை என்று மேலாளரே சொல்வார்.

அந்த மேலாளர்தான் ஒக்டோபரில் புது விதியையும் கொண்டுவந்தார். தளத்தில் வேலை செய்கிறவர்கள், யாராவது விழுந்தால் சறுக்கிப்போய்த் தூக்கத் தெரிந்தவர்களாக இருக்கவேண்டும். ஆறு வாரத்தில் பரீட்சை. ஒரு சுற்று வரவேண்டும், விசில் அடித்தால் நிற்கவேண்டும், நடுவில் கிடப்பவரைத் தூக்கவேண்டும். முடியாதவர்களுக்கு நீச்சல் குளத்துக்கு மாற்றம். அங்கே மெசின் கிடையாது. உடைமாற்றும் அறைகளைக் கழுவவேண்டும்.

சிவகடாட்சம் பெரியவர்களுக்கான ஆரம்ப வகுப்பில் பெயர் கொடுத்தார்.

வகுப்பை எடுத்தவர் தர்மினி. முப்பத்துநாலு வயது. வவுனியாவிலிருந்து வந்து, இருபத்துமூன்று வயதுக்குப் பிறகு சறுக்கப் பழகியவர்.

"பிள்ளை," என்றார் சிவகடாட்சம், "எனக்கு விழாமல் ஓடப் பழக்கிவிட்டாப் போதும். வடிவா ஓடத் தேவையில்லை."

"இதுவரைக்கும் எத்தனை தரம் விழுந்திருக்கிறீங்கள், அண்ணை?"

"இன்னும் விழேல்லை."

"அப்ப முதல் விழுவம்."

தர்மினி முழங்காலை மடித்தார். ஒரு பக்கமாகச் சாய்ந்து பனியில் விழுந்தார். விரல்களைப் பொத்திக்கொண்டார். பிறகு நாலு காலில் நின்று, ஒரு பாதத்தைக் கைகளுக்கு நடுவே ஊன்றி, அந்த முழங்காலில் கைவைத்து எழும்பினார்.

"விரலை விரிச்சு வைக்காதேங்கோ. பின்னாலை வாறவன்ரை சப்பாத்து ஏறிப்போகும்."

முதல் இரண்டு வாரமும் சிவகடாட்சம் விழுந்தார், எழும்பினார். அதைத் தவிர அவர் வேறொன்றும் செய்யவில்லை. அனுமதிச் சீட்டுக் கொடுக்கும் மரியதாஸ் கோப்பிக் கோப்பையோடு வந்து தடுப்புச் சுவரில் சாய்ந்து நின்றார். அவருக்குப் பரீட்சை இல்லை.

"என்ன மச்சான், மெசின் பழுதோ? உடம்பாலை துடைக்கிறாய்."

"நீ போய் ரிக்கெற்றைக் கிழி," என்றார் சிவகடாட்சம், பனியில் இருந்தபடியே.

மூன்றாவது வாரம் வேறொரு சிக்கல் வந்தது. கூடப் பழகிய எல்லாரும் தளத்தைச் சுற்றி வந்தார்கள். சிவகடாட்சம் பத்தடி போவார், முகம் குப்புற விழுவார். தர்மினி ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிட்ட வந்தார்.

"நிலத்திலை என்ன தேடுறீங்கள், அண்ணை?"

"தேடேல்லை. அங்கை பாருங்கோ, அந்த மூலையிலை ஒரு பள்ளம். காலமை நான் ரெண்டு தரம் தண்ணி விட்டனான். அப்பவும் மூடேல்லை."

"இப்ப நீங்கள் வேலையிலையோ நிக்கிறீங்கள்?"

"இல்லை."

"அப்ப பள்ளம் கிடக்கட்டும்."

சிவகடாட்சத்தால் அது முடியவில்லை. தலையை நிமிர்த்தினால் கண் கீழே போனது. கண் போன பக்கம் தலை போனது. தலை போன பக்கம் உடம்பு போனது.

தர்மினி அவருக்கு முன்னால் போய், அவரைப் பார்த்தபடி பின்பக்கமாகச் சறுக்கத் தொடங்கினார். கையை உயர்த்தினார்.

"எத்தினை விரல்?"

"மூண்டு."

"இப்ப?"

"ரெண்டு."

"இப்ப?"

"நாலு. இல்லை, அஞ்சு. கெதியாய் மாத்திறீங்கள்."

"இப்ப?"

"கையைப் பின்னாலை ஒளிச்சு வைச்சிருக்கிறீங்கள்."

"அந்தப் பள்ளம் எங்கை, அண்ணை?"

சிவகடாட்சம் தேடினார். அதைத் தாண்டி அரைச் சுற்று வந்திருந்தார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது "வாறன், டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவர் தர்மினியைப் பிள்ளை என்று கூப்பிடவில்லை.

ஐந்தாவது வாரம் அவருக்கு நிற்கவும் வந்தது. ஒரு காலைக் குறுக்கே திருப்பி அழுத்தினால் பனித்தூள் சிதறி, உடம்பு நின்றது. ஆனாலும் வகுப்புக்கு இரண்டு தரமாவது விழுந்தார்.

"டீச்சர், நீங்கள் இப்ப விழுறேல்லைத்தானே?"

தர்மினி சட்டையின் கையை மேலே இழுத்தார். முழங்கையிலிருந்து அரை அடிக்குத் தோல் கன்றிக் கறுத்திருந்தது.

"இது எப்ப?"

"செவ்வாய்க்கிழமை."

"ஆரும் வந்து மோதினவையோ?"

"இல்லை. தனியத்தான் ஓடினனான். புதுசா ஒரு சுழற்சி பழகுறன்."

சிவகடாட்சம் அந்த முழங்கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அடுத்த சுற்றுக்குப் போனார்.

பரீட்சைக்கு வெளியிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். கையில் தாள் செருகிய மட்டையும் பேனாவும். சிவகடாட்சம் சுற்று வந்தார். வேகமில்லை, ஆனால் சுவரைத் தொடவில்லை. விசில் அடித்தது, நின்றார். நடுவில் கிடக்க ஒரு ஆள் வேண்டும் என்று அதிகாரி கேட்டார். தர்மினி போய்ப் பனியில் சாய்ந்து, உதவி கேட்பவர்போல ஒரு கையை உயர்த்திக்கொண்டார்.

சிவகடாட்சம் அவரை நோக்கிப் போனார். இன்னும் நாலடி இருந்தது. சப்பாத்தின் முனை பனியில் குத்தியது. விழுந்தார்.

மரியதாஸ் கோப்பையைச் சுவரில் வைத்தார்.

சிவகடாட்சம் கிடந்தபடியே அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி பேனாவை மட்டையில் வைத்தபடி நின்றார். எழுதினாரா இல்லையா என்று அங்கிருந்து தெரியவில்லை. பதினொரு வருடமும் முடிந்தது என்று சிவகடாட்சம் நினைத்தார். நீச்சல் குளத்தின் ஈரத் தரையையும் நினைத்தார்.

பிறகுதான் தர்மினியைப் பார்த்தார்.

தர்மினி அசையவில்லை. "பரவாயில்லை" என்று சொல்லவில்லை. எழும்பி இருக்கவுமில்லை. கை மட்டும் அதே இடத்தில் உயர்ந்தபடி இருந்தது. குளிரில் விரல்கள் சிவந்திருந்தன.

சிவகடாட்சம் நாலு காலில் நின்றார். ஒரு பாதத்தை ஊன்றினார். எழும்பினார். இரண்டு தள்ளலில் போய்ச் சேர்ந்து, காலை அகட்டி வைத்து, அந்தக் கையைப் பிடித்துத் தூக்கினார்.

அதிகாரி மட்டையிலிருந்த தாளை உருவி அவரிடம் கொடுத்தார். மூன்று கேள்விகள், மூன்று சரி அடையாளங்கள். திங்கட்கிழமையும் மெசின் பழையபடி அவருடையதுதான். அவர் விழுந்ததைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரியும் இல்லை.

இருவரும் சுவரோர மர வாங்கில் உட்கார்ந்து சப்பாத்துக் கயிறுகளை அவிழ்த்தார்கள். சிவகடாட்சம் தாளை மடித்தார், விரித்தார், மறுபடியும் மடித்தார்.

"நான் விழுந்த உடனை எல்லாம் முடிஞ்சுதெண்டுதான் நினைச்சனான், டீச்சர். மற்ற ஆராயிருந்தாலும் எழும்பிப் போயிருப்பினம். நீங்கள் ஏன் கையை இறக்காமல் கிடந்தனீங்கள்?"

தர்மினி சப்பாத்தின் அடியில் இருந்த ஈரத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் வந்துகொண்டெல்லோ இருந்தனீங்கள்," என்றார்.