மாடத்திக்குப் பிணை நின்றவர்

நாமெல்லாம் பிறப்பதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்னால், நொச்சிநாட்டைப் பொன்முடிராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு மனசு, மாலையில் ஒரு மனசு. சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தால் மட்டும் கேட்டதையெல்லாம் கொடுப்பான்.

அப்படி ஒரு சனிக்கிழமை பார்த்து மந்திரி பூவராகன் மெதுவாகக் காதில் போட்டான். "மகாராஜா, கிராமத்தில் தொழில் செய்கிறவர்களுக்குக் கஜானாவிலிருந்து கடன் கொடுத்தால் என்ன?" ராஜாவுக்குக் குளிர்ந்துபோன தலை. "கொடு!" என்றான். ஊரெல்லாம் தண்டோரா போட்டார்கள்.

தண்டோராச் சத்தம் ஓலைநாயகம் தாண்டவராயருக்கு வயிற்றெரிச்சலைக் கிளப்பியது. அரண்மனையில் எந்த ஓலை எழுதினாலும் அவர் கைதான் மேலே. பூவராகனுக்கு நல்ல பேர் வருவதா? ராத்திரியோடு ராத்திரியாக விதிகளை எழுதித் தள்ளினார். ஊர்த்தலைவர் ஓலை வேண்டும். வரிபாக்கி இல்லையென்று ஓலை வேண்டும். கடன் கேட்பவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்குத் தனி ஓலை. நிலபுலன் உள்ள ஒருவர் பிணை நிற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, தொழில் நடப்பதை அதிகாரி நேரில் கண்டதாக ஓர் ஓலை. போனவர்கள் எல்லாம் போன வேகத்தில் திரும்பினார்கள். கஜானாப் பூட்டு திறக்கவே இல்லை.

திரும்பிப் போகாதவள் ஒருத்தி இருந்தாள். புளியங்குளத்தில் செக்காட்டும் மாடத்தி. பாவம், பெயரில்தான் மாடு இருந்தது. செக்கு இழுத்த மாடு கோமாரி நோயில் செத்துப்போயிருந்தது. அலைந்து அலைந்து சேர்த்த ஓலைக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நேரே சபைக்குள்ளேயே வந்துவிட்டாள்.

"என்னம்மா இது, விறகா?" என்றான் ராஜா.

"ஓலைதான் சாமி. அடுப்பெரிக்கக்கூட ஆகாது, எல்லாத்துலயும் அரசாங்க முத்திரை இருக்கு. ஒரு மாடு வாங்கக் கடன் கேட்டேன். செக்கு சுத்துறதைக் காட்டு, அப்புறம் கடன்னு இந்த ஐயா சொல்லுதாக. மாடு இல்லாம செக்கு எப்படிச் சுத்தும்? மாடு இருந்தா நான் எதுக்குக் கடனுக்கு வாரேன்?"

"விதி விதிதான்," என்றார் தாண்டவராயர்.

"சாமி, மரச்செக்கு ஆட்டாமக் கெடந்தா காஞ்சு வெடிச்சிரும். இப்பவே ஓரத்துல கீறல் விட்டிருக்கு. அதுவும் போச்சுன்னா எம்பிழைப்பே போச்சு."

ராஜாவுக்கு அன்றைக்குச் சனிக்கிழமை இல்லை. "பூவராகா, உன் திட்டம் பெரிய தலைவலியாக இருக்கிறதே! இன்று பொழுது சாய்வதற்குள் இவள் கடன் வாங்கியாக வேண்டும். இல்லையென்றால் திட்டத்தையே மூடிவிட்டு, அந்தப் பணத்தில் எனக்கு ஓர் அன்னப்படகு செய்துகொள்வேன். தாண்டவராயர் விதியில் ஒன்றையும் நீ மீறக்கூடாது!"

தாண்டவராயர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

"மீறவே மாட்டேன் மகாராஜா," என்றான் பூவராகன். "ஓலைநாயகமே, ஒரு சந்தேகம். உமது விதிப்படி கடன் கொடுத்தால், வாங்குகிறவரிடம் ஏதாவது குறை வந்துவிடுமோ?"

"குறையா? என் விதியிலா?" தாண்டவராயர் நெஞ்சை நிமிர்த்தினார். "இந்த மாடத்திக்கே என் விதிப்படி கடன் கொடுத்துப் பாரும். ஒரு குறையும் வராது. அதற்கு நானே பிணை!"

"எழுத்தரே, எழுதிக்கொள்ளும்," என்றான் பூவராகன். "மாடத்திக்குப் பிணை, தாண்டவராயர். நிலபுலன் நிறைய உண்டு. சரி, பிணைக்கு விதி என்ன? வாசியும்."

எழுத்தர் வாசித்தார். "கடன் கேட்பவரிடம் எது குறைந்தாலும், பிணை நின்றவர் அதற்கு ஈடாக நிற்க வேண்டும்."

"மாடத்தி, உன்னிடம் என்ன குறை?" என்று கேட்டான் பூவராகன்.

"மாடுதான் சாமி!"

சபையில் யாரோ களுக்கென்று சிரிக்க, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். தாண்டவராயர் முகம் வெளிறிப்போனது. "ராஜாவே, நான் சொன்ன பிணை வேறு..."

"விதி விதிதான்," என்றான் ராஜா. வேடிக்கை என்றால் அவனுக்கு உயிர். "பூட்டுங்கள் தேரை, புளியங்குளத்துக்கு!"

புளியங்குளமே திரண்டுவிட்டது. மாடத்தி செக்கின் உரலில் எள்ளைக் கொட்டினாள். தாண்டவராயர் பட்டு உத்தரீயத்தைக் கழற்றிவிட்டு நுகத்தடியைத் தோளில் வாங்கினார். முதல் சுற்றில் முனகினார். அடுத்த சுற்றில் குலதெய்வத்தைக் கூப்பிட்டார். "இன்னும் கொஞ்சம் ஐயா, எண்ணெய் இறங்கப்போகுது," என்று மாடத்தி பின்னாலேயே நடந்தாள். கீறல் விட்ட செக்கு கிறீச்சிட்டுக்கொண்டே சுற்றியது. கடைசியில் எண்ணெய் சொட்டியதும் ராஜா விரலால் தொட்டு உச்சியில் வைத்துக்கொண்டான்.

"செக்கு சுற்றியதே, ஓலை எழுதுவோமா?" என்றான் பூவராகன். "'நேரில் கண்டேன்' என்று வேண்டாம். 'நேரில் இழுத்தேன்' என்றே எழுதும்."

தாண்டவராயர் உடனே எழுதவில்லை. மூச்சிரைக்க மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். மாடத்தி ஓடிப்போய்ச் சொம்பில் நீர்மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடித்து அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் பழைய மிடுக்கு இல்லை.

"இனி செக்குக்கு மாடு கேட்டு வருகிறவர்களிடம் எத்தனை ஓலை கேட்பீர்?" என்றான் ராஜா.

"முதலில் மாடு, மகாராஜா," என்றார் தாண்டவராயர் கழுத்தைத் தடவியபடி. "ஓலையெல்லாம் மாடு வந்த பிறகு."

பூவராகனுக்கு ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிப் போட்டான். தாண்டவராயர் அந்த ஓலையை எழுதிக் கொடுக்க, பொழுது சாய்வதற்குள் மாடத்திக்குக் கடன் கிடைத்தது. நொச்சிநாட்டில் செக்கும் தறியும் சூளையும் பெருகின. ஜனங்கள் வயிறாரச் சாப்பிட்டு நிம்மதியாகத் தூங்கினார்கள்.

மாடத்தி வாங்கிய மாடு வாட்டசாட்டமான காளை. அதற்கு அவள் வைத்த பெயர் தாண்டவராயன். "ஏலே தாண்டவராயா, நின்னுட்டியே, சுத்துலே!" என்று அவள் அதட்டுவது தெருக்கோடி வரைக்கும் கேட்கும். ஒருநாள் அந்த வழியாகப் பல்லக்கில் போன ஓலைநாயகம் காதிலும் அது விழுந்தது. பல்லக்கை நிறுத்தச் சொல்லி இறங்கினார். தூக்கிகள் நடுங்கிப்போனார்கள்.

அவர் காளையின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். "அம்மா, நுகத்தடிக்கு அடியில் கொஞ்சம் துணி சுற்றிக் கட்டு," என்றார். "அந்த இடம்தான் வலிக்கும்."