டேபிளில் ஏறாத வழி

துரைக்கண்ணுவுக்கு வயது ஐம்பத்து நான்கு. முப்பது வருடம் தொலைபேசிக் கம்பிகளோடு மல்லுக்கட்டிவிட்டு, இரண்டு வருடமாகத் தூத்துக்குடிப் பக்கம் ஒரு மருத்துவமனையில் நெட்வொர்க் கற்றுக்கொண்டிருந்தார். கற்றுக்கொடுத்த ஜெசிந்தாவுக்கு முப்பத்தொன்று. வயதைப் பார்த்துக் கூச்சப்படுகிற ஆள் இல்லை துரைக்கண்ணு. தப்பை ஒத்துக்கொள்வதில்தான் கொஞ்சம் கஞ்சம்.

அன்று கிளை மருத்துவமனையிலிருந்து ஒரு ஸ்கேன் படம்கூட வந்து சேரவில்லை. பார்த்துச் சொல்லவேண்டிய டாக்டர் நாலு மணிக்குக் கிளம்பிவிடுவார். அங்கே ஆறு நோயாளிகள் காலையிலிருந்து பெஞ்சில் காத்திருந்தார்கள். துரைக்கண்ணு ஜெசிந்தாவைக் கூப்பிட்டார்.

"ரவுட்டர் போயிருச்சு மேடம். புதுக் கேபிள் வழியாப் போன்னு பக்கத்து ரவுட்டர் சொல்லுது. இதுவும் கேட்டுக்குது. ஆனா எந்த ஊருக்கு எந்த வழின்னு வச்சிருக்கிற டேபிள்ல ஏத்த மாட்டேங்குது. வேற பெட்டி வாங்கிரலாம்."

ஜெசிந்தா திரையைப் பார்க்கவில்லை.

"காலைல ஏன் சார் லேட்டு?"

"ரயில்வே கேட்டை மூடிட்டான். இருபத்தஞ்சு நிமிஷம்."

"புதுப் பாலம் திறந்தாச்சே. யாரும் சொல்லலையா?"

"டீக்கடைக்காரர் சொன்னார். வீட்டுலயும் சொன்னா."

"அப்புறம்?"

"இருபது வருஷப் பழக்கம் மேடம். வண்டி தானா கேட்டுப் பக்கம்தான் திரும்புது."

"சரி. அந்தக் கிளைக்கு இப்ப டேபிள்ல என்ன வழி இருக்கு? அது யார் சொன்னது?"

அவர் தட்டிப் பார்த்தார். ஒரு வழி இருந்தது. மொட்டைமாடி ஆண்டெனா. போன வருஷ மழையில் பழைய கேபிள் அறுந்த அன்று, துரைக்கண்ணுவே ரவுட்டருக்குள் கைப்பட எழுதிவைத்தது. அன்று டாக்டர்கள்கூட வந்து கைகொடுத்துவிட்டுப் போனார்கள்.

புதுக் கேபிள் போன வாரமே வந்துவிட்டது. கிளையிலிருந்த ஆண்டெனாவை நேற்றுச் சாயங்காலம் கழற்றிவிட்டார்கள். இங்கே மாடியில் இருந்தது மட்டும் இன்னும் விளக்கெரிய நின்றுகொண்டிருந்தது. ரவுட்டரும் அதை நம்பிக்கொண்டிருந்தது.

அழிக்க அவருக்கு மனசு வரவில்லை.

"அன்னைக்கு இதுதான் மேடம் காப்பாத்துச்சு."

"ஆமா சார். நல்லாவே காப்பாத்துச்சு."

அழித்தார். அடுத்த நொடியே அந்த இடத்தில் புது வழி வந்து உட்கார்ந்தது. மூன்று ஐம்பதுக்கு முதல் படம் வந்தது. பையை எடுத்த டாக்டர் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

துரைக்கண்ணுவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, வெட்கமும்தான்.

"இவ்வளவு சீக்கிரம் எங்கேருந்து மேடம் வந்துச்சு அது?"

"எங்கேருந்தும் வரல சார். ஒரு வாரமா வாசல்லயேதான் நின்னுச்சு. நீங்க கைப்பட எழுதினது உள்ள இருக்கிற வரைக்கும், வேற யார் சொல்ற வழியையும் ரவுட்டர் உள்ள விடாது."