வாகை நிழலில் ஒன்பது கோழிகள்

அன்று அந்தக் கோழிப் பண்ணையில் இருந்தவர்கள் ஐந்து பேர். கோழி மருத்துவர் சுலைகா. பண்ணைத் தணிக்கையாளர்களுக்குப் பாடத்திட்டம் எழுதும் சிவப்பிரகாசம். பயிற்சிக்கு வந்த பிரபாவதி, டேனியல். பண்ணைக்காரி ராசாமணி.

ராசாமணியின் மாமனாரும் வருவதாக இருந்தது. வரவில்லை. அதனால் ஐந்துதான்.

வண்டியை விட்டு இறங்கும் முன் சிவப்பிரகாசம் கேட்டார்.

“டாக்டரம்மா, இருநூறு பக்கம் எழுதிட்டேன். முதல் பக்கம் மட்டும் வர மாட்டேங்குது. இந்தப் பிள்ளைகளுக்கு முதல் பாடமா எதைச் சொல்றது?”

அவர் சுலைகாவைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். வங்கியில் பயிற்சி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கோழியைப் பற்றி அவர் அறிந்ததெல்லாம் சுலைகாவிடம் கேட்டு அறிந்தது.

“கடைசிப் பக்கத்துல என்ன எழுதியிருக்கீங்க?”

“எண்ணை எழுது. காரணம் கேட்காதே.”

“ஏன் கேட்கக் கூடாது?”

“கேட்டா, எல்லார்கிட்டயும் ஒரு காரணம் இருக்கும்.”

சுலைகா வண்டிக் கதவைத் திறந்தார்.

“பதில் சொல்லலையேம்மா.”

“காலுக்கு உறை எடுத்துக்கிட்டீங்களா?” என்றார் சுலைகா.

அது கூண்டு இல்லாத பண்ணை. தரையில் உமி பரப்பி, அறுநூற்று நாற்பது கோழிகளை ஒரே கொட்டகையில் நடமாட விட்டிருந்தாள் ராசாமணி. பழைய கூண்டுகள் கொட்டகைக்குப் பின்னால் அடுக்கியபடியே இருந்தன. மாமனார் அவற்றை விற்க விடவில்லை.

“இன்னிக்குக் கூண்டில்லாப் பண்ணைன்னு சான்றிதழ் கெடைக்கலைன்னா எல்லாத்தையும் புடிச்சுக் கூண்டுல போட்டுருன்னு சொல்லிப்போட்டாருங்க” என்றாள் ராசாமணி. “ஒரு வருஷம் பொறுத்துட்டாரு. இனிப் பொறுக்க மாட்டாரு.”

“இந்த மாசம் எத்தனை செத்துச்சு?” என்று கேட்டாள் பிரபாவதி.

“மூணுங்க.”

“அஞ்சு வரைக்கும் சரி. ஆறுன்னா தோல்வி.”

“அது தெரியுமுங்க அம்மிணி. ராத்திரி அதை நெனச்சுத்தான் தூக்கமே வரலை.”

சிவப்பிரகாசமும் பயிற்சிக்கு வந்த இருவரும் வெள்ளை முழு உடுப்பை மாட்டிக்கொண்டார்கள். தலைக்கு முக்காடு, முகத்துக்குக் கவசம்.

ராசாமணி சிரித்துவிட்டாள். “நெலாவுக்குப் போறாப்ல இருக்கீங்க.”

“போயிட்டு வந்தா கல்லு கொண்டாரேன்க்கா” என்றான் டேனியல்.

அவள் தண்ணீர் மோட்டாரை நிறுத்தப் போனாள். சுலைகா மருந்துத் தண்ணீர்த் தட்டில் நின்று காலணியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் எதையும் மெதுவாகத்தான் கழுவுவார்.

“நேரமாகுது, வாங்க” என்று சிவப்பிரகாசம் இரும்புக் கதவை ஒரே இழுப்பில் திறந்தார்.

மூன்று வெள்ளை உருவங்கள் உள்ளே போயின.

ராசாமணியின் நீலச் சட்டையைத் தவிர வேறு நிறத்தை அந்தக் கோழிகள் பார்த்ததில்லை.

ஓர் அலறல். பிறகு அறுநூற்று நாற்பதும் பறந்தன. தூரத்து மூலையில் போய் விழுந்தன. ஒன்றின்மேல் ஒன்று, அதன்மேல் ஒன்று. குவியல் இடுப்பளவு எழுந்தது.

“அசையாதீங்க!” என்றபடி சுலைகா உள்ளே ஓடினார். பின்னாலேயே ராசாமணி.

இருவரும் மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தள்ளிவிட்டார்கள். ராசாமணி எடுக்கும்போதே பேசிக்கொண்டிருந்தாள். “ஒண்ணுமில்லே, ஒண்ணுமில்லே, நாந்தேன்.” அவள் குரல் கேட்டுக் கோழிகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்தன.

அடியில் ஒன்பது கிடந்தன.

கொட்டகைக்கு வெளியே ஒரு வாகை மரம். ஒன்பதையும் அதன் நிழலில் கொண்டுவந்து கிடத்தினார்கள்.

“என்னங்க சார் இப்படிப் பண்ணிப்போட்டீங்க?” என்றாள் ராசாமணி. “மொளகாக் காட்டுக்குள்ள மாடு பூந்தாப்ல பூந்துட்டீங்க. ஒரு சத்தம் குடுத்துட்டுப் போகக் கூடாதுங்களா?”

சிவப்பிரகாசம் முகக் கவசத்தைக் கழற்றினார்.

சுலைகா ஒரு கோழியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

“தலை தொங்கக் கூடாது. காலையும் கொண்டையையும் நனைங்க. வாயில தண்ணி விடாதீங்க, மூச்சுக்குள்ள போயிரும்.”

“நான் இந்த வேலைக்கு லாயக்கில்லைம்மா. வேற யாரையாவது வச்சு எழுதிக்கோங்க.”

“தலையைப் பிடிங்க” என்றார் சுலைகா.

அவர் பிடித்தார்.

மற்ற நால்வரும் ஆளுக்கு இரண்டாக எடுத்துக்கொண்டார்கள். டேனியல் பாடத்திட்டத்திலிருந்து ஒரு தாளை உருவி விசிறிக்கொண்டிருந்தான்.

முதலில் பிரபாவதியின் மடியில் இருந்தது எழுந்தது. உடம்பைச் சிலுப்பி, அவள் மடியிலேயே எச்சமிட்டு, இறங்கி நடந்தது.

“நல்ல சகுனம் அம்மிணி” என்றாள் ராசாமணி. அழுதுகொண்டே சிரித்தாள்.

பிறகு ஒவ்வொன்றாக எழுந்தன. ஆறு எழுந்துவிட்டன. டேனியலின் ஒன்றும் சுலைகாவின் ஒன்றும் எழவில்லை. சுலைகா இரண்டின் கண்களையும் விலக்கிப் பார்த்து, மரத்தடியில் பக்கம் பக்கமாக வைத்தார்.

சிவப்பிரகாசத்தின் கையில் இருந்தது மட்டும் சாவுக்கும் பிழைப்புக்கும் நடுவில் இருந்தது. மூச்சு உண்டு. வேறொன்றும் இல்லை.

பிரபாவதி எழுந்து கை கழுவிவிட்டு வந்தாள். தணிக்கைத் தாளை எடுத்தாள். பேனாவைத் திறந்தாள்.

“சார், ஏற்கெனவே மூணு. இப்ப ரெண்டு. அஞ்சு.”

அவர் நிமிர்ந்தார்.

“உங்க கையில இருக்கறது செத்தா ஆறு. தோல்வின்னு எழுதணும்.”

“அட, எங்கூட்டுக் கோழியை நீங்க மெரட்டிக் கொன்னுபோட்டு, அதையும் என் தலையிலதான் எழுதுவீங்களா?” என்றாள் ராசாமணி.

“அக்கா, எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு.” பிரபாவதி தாளைப் பார்த்தபடியே சொன்னாள். “சார் காலையில சொன்னதைத்தான் செய்யுறேன். எண்ணை எழுது, காரணம் கேட்காதே. கேட்டா எல்லார்கிட்டயும் ஒரு காரணம் இருக்கும். அப்படித்தானே சார்?”

சிவப்பிரகாசம் சுலைகாவைப் பார்த்தார்.

சுலைகா கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதுதான் இன்னும் சாகலையே” என்றான் டேனியல். “பிழைச்சுட்டா அஞ்சோட நின்னுரும். அக்காவுக்குச் சான்றிதழ் கெடைச்சுரும். ஒரு பிரச்சினையும் இல்ல.”

“பிழைச்சுட்டா அஞ்சா?” என்றார் சுலைகா.

“ஆமாம்மா. அஞ்சு.”

“சிவப்பிரகாசம் சார், நீங்களும் அஞ்சுன்னுதான் எழுதுவீங்களா?”

கோழியின் நெஞ்சு சிவப்பிரகாசத்தின் உள்ளங்கையில் அடித்துக்கொண்டிருந்தது. மிக வேகமாக, மிக லேசாக. அவர் தம் சுண்டுவிரலைத் தண்ணீரில் நனைத்துக் கொண்டையைத் தடவினார்.

“எந்திரு கண்ணு” என்றார். நாற்பது ஆண்டு வேலையில் அவர் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

ராசாமணி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “இறுக்கிப் புடிக்காதீங்க சார். ரெக்கையைக் கொஞ்சம் விடுங்க. காத்தோடட்டும்.”

அவர் விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்துத் தலை தூக்காமலே சொன்னார்.

“பிரபாவதி, மூணுன்னு எழுதும்மா.”

“சார்?”

“மூணு.”

“இது பிழைக்குமான்னே இன்னும் தெரியலையே சார்.”

“பிழைச்சாலும் மூணு. செத்தாலும் மூணு.”

“அப்ப கீழ கிடக்கற ரெண்டு?”

“அது நான் கொன்னது. அதுக்கு உன் தாள்ல கட்டம் இல்லை. நான் போட மறந்துட்டேன். தாளைத் திருப்பு. பின்னால எழுது. தணிக்கை செய்ய வந்தவர்களால் இறந்தவை இரண்டு. கீழே என் பெயரைப் போடு.”

“என் பேரையும் போடு” என்றான் டேனியல். “நானும்தானே நெலாவுக்குப் போனேன்.”

பிரபாவதி தன் பெயரை முதலில் எழுதினாள்.

ராசாமணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “ஏனுங்க சார், பேரெல்லாம் எதுக்குங்க? உங்களுக்கு ஏதாச்சும் ஆயிரப் போவுது.”

“ஆகட்டும்மா.”

சுலைகா எழுந்தார். ராசாமணியின் கொடியில் காய்ந்துகொண்டிருந்த பழைய நீலச் சட்டையை எடுத்துவந்து சிவப்பிரகாசத்தின் தோளில் போட்டார்.

அப்போதுதான் சிவப்பிரகாசத்தின் கையில் ஓர் உதறல். கோழி கழுத்தை நீட்டியது. ஒரு கண்ணால் அவரைப் பார்த்தது. பிறகு அவர் மணிக்கட்டைக் கொத்திவிட்டுத் தரையில் குதித்தது.

“மன்னிச்சுருச்சுங்க” என்றாள் ராசாமணி.

“கொத்திட்டுப் போகுதேம்மா.”

“அதேதானுங்க.”

அது தள்ளாடித் தள்ளாடிக் கொட்டகைப் பக்கம் நடந்தது. ராசாமணி உள்ளே குரல் கொடுத்துக் கதவைக் கையகலம் திறந்தாள். வெளியே திரிந்த ஆறும் அதன் பின்னால் உள்ளே போயின.

சுலைகா மண்வெட்டியை எடுத்தார். சிவப்பிரகாசம் எழுந்து போய் அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“குழி ஆழமா இருக்கணும்” என்றார் சுலைகா. “சுண்ணாம்பு கொண்டாரேன்.”

“எத்தனைக்கு வெட்டணும் சார்?” என்று கேட்டபடி டேனியல் கடப்பாரையோடு வந்தான்.

அவர் ஒருமுறை எண்ணியிருந்தார். இருந்தாலும் மரத்தடியில் குனிந்து, ஒவ்வொன்றையும் தொட்டு, மறுபடியும் எண்ணினார்.

இரண்டு.